மொட்டை டயர்

"ரெண்டும் மொட்டையாயிடுச்சு, சிஸ்டர். மாத்திடுங்க."
கோத்தகிரி மார்க்கெட் முக்கில் காற்றடிக்கும் லத்தீப்
விரலால் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார்.
வாங்கி மூன்றே நாள்.
தேய்ந்ததில்லை, பிறந்ததே இப்படித்தான் என்றேன்.
விலையைக் கேட்டவர்
பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

போஜனுடையது பட்டன் டயர்.
தேயிலை ஃபாக்டரியில் இலை நிறுக்கிறவன்,
அரைக் கிலோகூட விட்டுத்தர மாட்டான்.
அவன் வருமுன்னே டயர் வரும்,
தீப்பெட்டியில் அடைத்த வண்டுபோல
தார்மேல் உர்ரென்று.
"மழைக்குப் பிடிப்பு வேணும். பிடிப்புக்குப் பள்ளம் வேணும்."

பிடிப்பு ரோட்டில் இருக்கிறது, போஜா.
ஜல்லி துருத்திய தாருக்கே பல் உண்டு,
கடிபட ரப்பர் மெத்தென்று இருந்தால் போதும்.
கார் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், அதற்குப் பள்ளம் வெட்டட்டும்.
என் இருபத்தெட்டு மில்லிமீட்டர் மிதக்க வேண்டுமென்றால்
இந்த மலையின் சரிவு பத்தாது.

நூற்றிருபது வரை ஏற்றலாம் என்று
டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிறது.
என் வார்டில் அது நல்ல எண்.
இங்கே ஏற்றினால்
ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து தன் பேரைச் சொல்லும்.
ஐம்பத்திரண்டு கிலோ எனக்கு எழுபது,
தூறினால் அறுபது.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன்,
வீங்கின காலில் குழி விழுகிறதா என்று பார்ப்பதுபோல்.

ஞாயிறு. அரவேனு தாண்டியதும் மூட்டம்.
முன்னே நான், சத்தமில்லாமல்.
பின்னே அவன் வண்டு,
வளைவுக்கு வளைவு சிறுத்துக்கொண்டு.
சாய்ந்தேன், பிடித்தது.
இன்னும் சாய்ந்தேன், நனைந்த தார் விடவேயில்லை.
வெள்ளைக் கோட்டை மட்டும் மிதிக்காமல்
ஒரு மேட்டுப்பாளையம் பஸ்ஸையே முந்தினேன்.

முள்ளூர் திருப்பத்தில்
ராத்திரி சரிந்த செம்மண்,
அதன்மேல் சில்வர் ஓக் சருகு.
அங்கே தார் இல்லை. ஆகவே பல்லும் இல்லை.
நான் சொன்ன நியாயமெல்லாம் சரியாகவே இருக்க
நான் மட்டும்
இடுப்பு தேய வழுக்கிப் போனேன்.

உர்ர்ர்.
சேற்றைக் கடித்துக்கொண்டு நேராகக் கடந்தவன்
பத்தடி தள்ளி நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
முட்டியைக் கழுவிப் பார்த்தேன்.
தையல் வேண்டாம்.

திரும்பி ஏறும்போது ரோடு காய்ந்திருந்தது.
நான் பேசிக்கொண்டே மிதித்தேன்.
அவனுக்குப் பேச மூச்சில்லை.
அரவேனு டீக்கடை தெரிந்ததும் கேட்டான்:
"அந்த மொட்டை, ஜோடி எவ்வளவுன்னு சொன்னே?"

சொன்னேன்.
வண்டுச் சத்தம் நின்றுவிட்டது.