மூன்று மில்லிமீட்டர்

முதலில் முகத்தை நீக்க வேண்டும்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சாம்பல் படங்களைக்
கணினி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியதும்
கேட்காமலே எழுந்து வந்துவிடுகிறது:
மூடிய கண்கள், கொஞ்சம் கோணிய மூக்கு,
இரைச்சலுக்கு வைத்த பஞ்சில்
நசுங்கி மடங்கிய காதுகள்.
தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு
யாரோ கல்யோ தாம்.

கோப்பில் இவ்வளவுதான்:
ஐம்பத்தெட்டு வயது. பேய்ப்சி ஏரியில்
பனிக்கட்டியின் கனம் அளப்பவர்.
சொற்கள் வழுக்குகின்றன என்கிறார்.

ஒரு சொடுக்கு, தோல் போனது.
இன்னொன்று, மண்டையோடு.
அக்ரூட் பருப்பு என்பார்கள் பார்க்க வருகிறவர்கள்.
எனக்கு அது
சட்டைப்பையில் திணித்த ஈரக் கையுறை.

கட்டிக்கு ஆரஞ்சு.
எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்கும் தெரியாது,
ஊகிக்கும்.
நான் படம் படமாகப் போய்த் திருத்தினேன்.
காபி ஆறியது. தார்த்து நகரத்தில்
கடைசிப் பேருந்தும் போய்விட்டது.
எண்பத்தேழாம் படத்தில் கை தயங்கியது.
திரையில் அது தெரியாது;
தயக்கத்தையும் சேர்த்து வழவழப்பாக்கி
மெழுகுபோல் தருகிறது மென்பொருள்.

பிறகு நார்கள்.
காதுக்கு மேலே வளைந்து போகும் பச்சைக் கற்றை,
கேட்டது பேச்சாகப் போகிற வழி.
அதற்கும் ஆரஞ்சுக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டர்.

வெள்ளியன்று அவரே வந்தார், மனைவி சல்மேயோடு.
டாக்டர் கிவிமா திரையில் தலையைச் சுழற்றினார்.
கூடவே கல்யோவின் கழுத்தும் திரும்ப
சல்மே சிரித்துவிட்டாள்.

இங்கே எவ்வளவு கனம்?
விரல் சரியாக அங்கேதான் இருந்தது.
சொன்னேன்.
பத்து சென்டிமீட்டர் இல்லையென்றால்
நாயைக்கூட நான் ஏரியில் இறக்கமாட்டேன், என்றார்.
பிறகு, கிவிமாவை விட்டுவிட்டு, என்னிடம்:
எத்தனை துளை போட்டுப் பார்த்தாய்?

புரிய ஒரு நொடி ஆனது.
ஓர் இடத்தில் சந்தேகம், என்றேன்.
கிவிமா திரும்பி என்னைப் பார்த்தார்.

சந்தேகம் உள்ள இடத்தில், என்றார் கல்யோ,
நாங்கள் ஒரு... ஒரு...
பச்சையாய், முள்ளாய்...
சல்மே வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.
வரவில்லை.
மேசைமேல் ஆட்காட்டி விரலை
நட்டு வைத்துக் காட்டினார்.

ஜூனிப்பர். ஜூனிப்பர்க் கிளை.
ஏரிப் பாதையில் எல்லோரும் பார்த்ததுதான்.

அன்றிரவு வழவழப்பை நீக்கினேன்.
எண்பத்தேழில் பரப்பு சொரசொரவென்று வந்தது,
உழுது விட்ட மாதிரி.
அங்கே பச்சையில் ஒரு சிறு குச்சி வரைந்தேன்.

செவ்வாய், காலை ஏழரை.
இதென்ன, என்றார் கிவிமா முகக்கவசத்துக்குள்ளிருந்து.
சொன்னேன்.
அழிக்கவா?
இருக்கட்டும்.

பேசவேண்டும் என்பதால்
கல்யோவை விழிக்க வைத்திருந்தார்கள்.
செவிலி படங்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்தாள்.
படகு, என்றார்.
கத்தரிக்கோல்.
குடை.
கிவிமாவின் கை குச்சிக்கு அருகே வந்தது.
அடுத்த படத்தைப் பிடித்தாள்.