கீல் மாற்றப் போனவன்

கண்ணாடிக் கதவு வேண்டும் என்றாள் எவுலாலியா.
தகடே போதும் என்றார் நிக்கானோர்.
மெண்டோசாவில் ஜனவரி.
கடையில் மின்விசிறிக்கே வியர்த்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
வெளிச்சம் பட்டால் ஒயின் கெடும்,
புகைநிற இரட்டைக் கண்ணாடி கொஞ்சம் தாங்கும்,
தகடு என்றால் அந்தக் கவலையே இல்லை,
கரண்ட் பில்லும் குறையும்.

"பார்க்க முடியாததை எதற்கு வாங்குவது?"
அவள் கேட்டது அவரை.
அவரோ கதவைத் திறந்து, மூடி, திறந்து,
ரப்பர் விளிம்பு ஒட்டும் அந்தச் சின்ன முத்தச் சத்தத்தை
மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.
கடைசியில் கண்ணாடிதான்.
பணம் கொடுத்தது அவர்.

வலப்பக்கம் திறந்தால் சுவரில் இடிக்கிறதாம்.
கீலை இடப்பக்கம் மாற்ற
வியாழனன்று திருப்புளியோடு போனேன்.
மேற்குப் பார்த்த சமையலறை.
மலைக்குப் பின்னால் இறங்குமுன் வெயில்
நேரே அந்தக் கண்ணாடியில்தான் வந்து உட்காருகிறது.
அதன்மேல் ஒரு மேசைவிரிப்பு,
நாலு மூலையிலும் டேப்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

எவுலாலியா ஒரு மூலையை மட்டும் உரித்து,
குனிந்து எண்ணினாள்.
"பதினேழு.
நேற்று பதினெட்டு."

நிக்கானோர் கதவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்து,
"பதினேழு பாட்டில் பிடிக்கிற ஃபிரிட்ஜ்தானே இது?" என்றார்.

என் வாயில் நாலு திருகு.
ம், என்றேன்.
அது ஆமாம் என்றும் படலாம், இல்லை என்றும் படலாம்.

கடைசித் திருகை முடுக்கித் தொட்டுப் பார்த்தேன்.
இடப்பக்கமிருந்து கதவு
ஒற்றை விரலுக்கே திறந்தது.