ஜன்னல் இத்வாலின் கணக்கு

லான்ஹெலிக்கில் நாற்பத்தாறு வீடு.
வீட்டுக்கு ஆறு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
பாதிரியார் வீட்டுக்கு மட்டும் பதினொன்று.
எங்கள் ஊரில் தொழில்தான் இன்ஷியல்:
ரொட்டி எம்லின், தபால் மோர்வித்,
நான் ஜன்னல் இத்வால்.
அப்பா விட்டுப்போன குடும்பப் பெயர்
வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ரயில் பாதைக்கு அந்தப்புறம் இரும்பு உலை.
அதற்கும் அந்தப்புறம் கடல்.
ஹெலெத் வீட்டு மாடி ஜன்னலில் ஏணியைச் சாய்த்து
கடைசிக்கு முந்தின படியில் நின்றால்
இரண்டு புகைபோக்கிக்கு நடுவே
நாலு விரல் கடல் தெரியும்.

வானிலை அறிக்கையில் நான் மழையைக் கேட்பதில்லை,
திசையைக் கேட்பேன்.
மேல்காற்று என்றால் எனக்குச் சோறு.
செவ்வாயன்று துடைத்த கண்ணாடியில்
வியாழனன்று பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுவார்கள்.
துருவின் நிறம், நடுநடுவே மினுக்கும் கரித்துகள்.
பனி பெய்த காலையும் பத்து மணிக்குள் சிவந்துவிடும்.
சரிவில் மேயும் ஆடுகளுக்கு
வெள்ளை என்றொரு நிறம் உண்டென்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

கெய்ன்வென் முப்பத்தொரு வருஷம் புகார் எழுதினாள்.
கம்பெனி ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவித்து
கார் கழுவ இலவசச் சீட்டு அனுப்பியது.
அவளிடம் கார் இல்லை.
சமையல் புத்தகத்தில் பக்க அடையாளமாகச்
செருகிச் செருகி
புத்தகம் மூட முடியாமல் பருத்துவிட்டது.
கடிதத்தை ஒட்டி மகனிடம்தான் கொடுப்பாள்.
கெதின், இரண்டாம் உலை, இரவு ஷிப்ட்;
சாப்பாட்டு டப்பா ஒரு கையில், கடிதம் ஒரு கையில்,
போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டுப் போவான்.

தூசுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினார்கள் ஒருமுறை.
நானும் போட்டேன்.
பேனாவைத் திருப்பித் தரும்போது பார்த்தேன்,
என் பெயருக்குப் பக்கத்தில்
என் கட்டைவிரல் ரேகை, சிவப்பாக.
மோர்வித் அதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, விடிவதற்கு முன்
உலையை அணைத்தார்கள்.
நாற்பத்தாறு வீட்டிலும் விளக்கு எரிந்தது.
சத்தம் கேட்டு எழுந்தவர்களை எனக்குத் தெரியும்;
சத்தம் நின்றதால் எழுந்து உட்கார்ந்தவர்களை
அன்றுதான் பார்த்தேன்.
எம்லினின் நாய் ரயில் பாதை வரை ஓடி
எதைப் பார்த்துக் குரைப்பதென்று தெரியாமல்
திரும்பி வந்தது.

ஒரு வாரம். மூன்று வாரம். மேல்காற்றுதான்.
துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தேன்,
பழைய கூலியே தந்தார்கள்,
முகத்தைப் பார்க்காமல்.
பிறகு ஒவ்வொரு வாசலிலும் அதே தயக்கம்:
"மாசத்துக்கு ஒருதரம் வந்தால் போதும், இத்வால்."

துடைப்பவன் உள்ளே பார்க்கக் கூடாது.
முதல் நாளே கற்ற தொழில் தர்மம்.
கண்ணாடியைப் பார், அழுக்கைப் பார்.
இப்போது அழுக்கு இல்லை,
கண் நேராக உள்ளே போய் விழுகிறது.
பகல் பதினொரு மணிக்கு
மேஜையில் செய்தித்தாள் விரித்து
வேலைக்குப் போடும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறான் கெதின்.
நிமிர்ந்தான். கையைத் தூக்கினான்.
நானும் ரப்பர்த் துடைப்பானைத் தூக்கிக் காட்டினேன்.
வேறென்ன செய்ய?

கெய்ன்வென் கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
"மேல் ஜன்னலில் இடது மூலையை மட்டும் விட்டுவிடு.
அங்கே கொஞ்சம் ஒட்டியிருக்கிறது."
"எதற்கு?"
"ஆதாரம் வேண்டாமா?
நாளைக்கு இல்லவே இல்லை என்பார்கள்."
கெதின் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னாள்.

விட்டுவிட்டேன்.
ஹெலெத் வீட்டில் ஏணியைச் சாய்த்துப் பார்த்தேன்.
புகை இல்லை, புகைபோக்கிகள் நிற்கின்றன.
கடல் அதே நாலு விரல்.
இறங்கி வாளியைப் பார்த்தால்
தண்ணீர் கொண்டுவந்தபடியே தெளிவாக இருந்தது.
கொட்ட மனசில்லை.
அதையே தூக்கிக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.