அவனோடு யார் இருக்கிறார்கள்

சிலோயேவுக்குக் கிழக்கே
படகோட்டிகளில் சிலருக்கே பெயர் தெரிந்த தீவு எங்களுடையது.
பாதிரியார் வருடத்துக்கு ஒருமுறை வருவார்,
அதுவும் கடல் விட்டால்.
மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லவும்
செத்தவர்களைக் கிடத்தவும்
ஊரே ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளும்.
பிஸ்கால் என்போம் அவரை.

ஏப்ரலில் பிஸ்கால் அபெலார்தோ போய்ச் சேர்ந்தார்.
அவர் மனைவி கோயில் சாவியைச்
சீனிப் பையில் சுற்றி
என் வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.
கதவைத் தட்டவில்லை.
தட்டியிருந்தால் மறுத்திருப்பேன்.

நான் மட்டி உடைக்கிறவள்.
பன்னிரண்டு வருடம், ஆலையில், நின்றபடி.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாது கையின் வாசம்.
பூசை கண்டு மூன்று ஈஸ்டர் ஆகிறது.
ஜெபப் புத்தகத்தில் பாதி எலி தின்றது,
மீதி எனக்குப் புரியாதது.
போர்ட்டோ மான்டில் தங்கை வீட்டில்
ஒரு கட்டில் காலியாய் இருக்கிறது.
மே பதினாறுக்குப் படகுச் சீட்டும் எடுத்தாயிற்று.

"வீடு மாறி வந்துவிட்டீர், ஆண்டவரே,"
கொக்கியைப் பார்த்துச் சொன்னேன்.
"பக்கத்து வீட்டு எர்மோஹெனெஸைக் கேளும்.
அவனுக்குக் குரலாவது இருக்கிறது."
பை காற்றில் சரசரத்தது.
பதிலென்று வேறெதுவும் வரவில்லை.

பதினான்காம் தேதி இரவு
முதலில் நாய்கள் குரைத்தன,
பிறகு டார்ச் வெளிச்சம்.
சால்மன் கூண்டில் வலை தைக்க இறங்கியவன்,
காற்றுக்குழாய் மடங்கிப் போயிருக்கிறது.
ஹெய்ட்டிக்காரன், இருபத்தாறு இருக்கும்.
வில்னோர் என்றார்கள்.
விடியும்வரை படகில்லை, புயல்.
தீவனக் கிடங்கில் போடச் சொன்னானாம் மேற்பார்வையாளன்,
மூட்டைகளுக்கு நடுவே.
சுமந்து வந்த நான்கு பேரும்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கொக்கியைத்தான் பார்த்தார்கள்.

சாவி திரும்பவில்லை.
மட்டிக் கத்தியால் நெம்பித் திறந்தேன்.

வெந்நீர் வைத்தோம்.
ரப்பர் உடையைக் கழுத்திலிருந்து வெட்டி உரித்தோம்.
காதுமடலில் உப்பு.
விரலிடுக்கில் பச்சைப் பாசி,
ஒவ்வொரு விரலாய்ப் பிரித்துக் கழுவினேன்.
இடது உள்ளங்கையில்
பேனாவால் எழுதிய ஒரு எண்
பாதி அழிந்திருந்தது,
அதை மட்டும் தேய்க்காமல் விட்டேன்.

பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கி
அப்பம் கேட்கிற இடத்தில் மறந்துபோனது.
முதலிலிருந்து சொன்னேன்.
மறுபடியும் அங்கேயே நின்றேன்.

அப்போது எவென்ஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
வில்னோரின் கூட்டாளி அவன்.
"அழைப்பு," என்றான். "இவன் அம்மா."
யாரும் அசையவில்லை.
நின்றது.
மறுபடி வந்தது.
எடுத்தான்.
கிரெயோலில் என்னவோ சொன்னான், குனிந்துகொண்டு.
அந்தப் பக்கம் அழுகை கேட்கவில்லை.
ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப.
அவன் போனைக் கையால் பொத்தி
எங்களைப் பார்த்தான்:
"அவனோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள்."

கூரை மரச்செதில்களில் மழை.
ஆசி வழங்கும் விரல் உடைந்த அந்தோனியார்.
வாசலோரம் தொப்பியைப் பிசைந்துகொண்டு மூன்று பேர்.
கேள்வி எங்கும் போகாமல் அங்கேயே நின்றது.

"நான் இருக்கிறேன் என்று சொல்."

சொன்னான்.
பெயர் கேட்டாளாம்.
"ஒத்திலியா," என்றேன், கொஞ்சம் சத்தமாக,
கடல் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதுபோல.

அவள் துண்டிக்கவில்லை.
நாங்களும் துண்டிக்கவில்லை.
போனை அவன் தோளருகே பெஞ்சில் வைத்தோம்.
சிலநேரம் அவள் முணுமுணுத்தாள்,
சிலநேரம் மூச்சு மட்டும்.
நான் தலை துவட்டுவதை, போர்வை மாற்றுவதை
எவென்ஸ் ஒவ்வொன்றாய் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.
அங்கே ஒரு சேவல் கூவியது.
இங்கே இன்னும் இருட்டு.

பதினாறாம் தேதிப் படகு
ஐந்து மூட்டை உருளைக்கிழங்கோடு போயிற்று.
என் சீட்டு கவுனோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது.
ஞாயிறுகளில் எர்மோஹெனெஸ் பாட வருகிறான்,
நான் நினைத்த அளவுக்குக் குரல் இல்லை.
பூட்டுக்கு எண்ணெய் போடச் சொல்கிறார்கள்.
போடவேண்டும்.
இப்போதைக்கு
மட்டிக் கத்தி போதுமாயிருக்கிறது.