கசிவுச் சோதனை

எழுபத்தொன்றில் செய்த டிரெய்லர்.
செய்த கம்பெனி மூடி நாற்பது வருஷம்.
ஜன்னல் ரப்பருக்கு ஒரு எண் இருந்தது,
அந்த எண்ணைச் சொன்னால் இன்று
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பழையதில் ஓர் அங்குலம் அறுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அஸ்டோரியா முழுக்கத் திரிந்தேன்.
வெட்டுமுகம் ஆங்கில எழுத்து பி மாதிரி:
வயிறு காய்ந்து, வால் சுருங்கி,
நகம் பட்டால் கரிப்பொடி.
காப்பிக் கடையில் சில்லறையோடு
அதையும் மேசையில் வைத்துவிட்டேன் ஒருநாள்.
பரிமாறும் பெண் கேட்டாள், "பல்லா?"

ஓஹையோவிலிருந்து முதல் பார்சல்.
இருபத்தைந்து அடி, அழகாகச் சுருட்டி.
வடிவம் டி.
அடுத்ததில் பி-தான்,
வயிறு மட்டும் கால் அங்குலம் பெருத்தது.
ஜன்னல் மூட மறுத்து
என் கையைத் திருப்பித் தள்ளியது.

வாரன்டனில் உடைசல் யார்டு. இடுப்பளவு புல்.
அதே மாடல் ஒன்று
கூரை உள்வாங்கிக் கிடந்தது,
மெத்தையில் பூனை குட்டி போட்டிருந்தது.
ஜன்னல் கைப்பிடி இரண்டு,
சிவப்பு விளக்கு ஒன்று கழற்றினேன்.
ரப்பர் என்னுடையதைவிட மோசம்.
யார்டுக்காரன் பன்னிரண்டு டாலர் என்றான்,
குட்டி ஒன்றையும் எடுத்துப் போனால் பத்து.
பன்னிரண்டே கொடுத்தேன்.

கடைசியில் எஸ்கோ ஹால்மே,
மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்பவர்.
துண்டை விரலில் உருட்டினார், முகர்ந்தார்,
ஒன்றும் பேசாமல் மாடி ஏறிப் போய்
ரப்பரைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கினார்,
பாம்பாட்டி போல.
"கடலுக்கே தாங்கும்.
மழையெல்லாம் ஒரு தண்ணியா?"

மார்லிஸுக்குச் செய்தி அனுப்பினேன்.
வண்டியில் பாதி அவளுடையது.
வீடு, நாய், கடன் எல்லாம் பிரித்தாகிவிட்டது,
இதை மட்டும் விற்றுப் பங்கிடச் சொன்னார் நீதிபதி.
ஒழுகுவதை யார் வாங்குவார்?
சனிக்கிழமை வந்தாள்,
தன் கையுறையைத் தானே கொண்டு வந்தாள்.

சட்டமெங்கும் சிலிக்கோன், கட்டி கட்டியாக.
அப்பியவன் நான்தான்,
அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.
இப்போது பிளாஸ்டிக் கரண்டியால்
ஒரு மணி நேரம் சுரண்டினாள்.
எதுவும் சொல்லவில்லை.
எனக்கு நன்றாகவே கேட்டது.

புது ரப்பர் பொருத்தி, மூலை வெட்டி ஒட்டி,
அவள் வெளியே ஹோஸோடு,
நான் உள்ளே டார்ச்சோடு.
முன்பெல்லாம் இந்த ஜன்னல் வழியே
பக்கத்து முகாமின் சீட்டுச் சண்டை வரை கேட்கும்.
இப்போது கண்ணாடிக்கு அப்பால்
அவள் வாய் மட்டும் அசைந்தது.
கட்டைவிரலை உயர்த்தினேன்.
தலையாட்டி மறுத்தாள், மேலே காட்டினாள்.
என் பிடரியில் ஒரு சொட்டு.

ஜன்னலில்லை.
கூரை ஓரத்துச் சிவப்பு விளக்கின் அடியில் புகுந்து,
மரச்சட்டத்தில் ஊர்ந்து,
ஆறடி தள்ளி ஜன்னலில் தலை நீட்டியிருக்கிறது.
பன்னிரண்டு வருஷம்
நாங்கள் திட்டியதெல்லாம் ஜன்னலை.

உடைசல் யார்டு விளக்கு அதற்கு உதவியது.
அடியில் பியூட்டைல் பட்டை, நான்கு திருகு.

கதவுக்குக் கடைசிச் சோதனை:
டாலர் நோட்டை இடுக்கிச் சாத்தி
இழுத்துப் பார்க்க வேண்டும்.
நோட்டு அவளுடையது.
பூட்டுப் பக்கம் அசையவில்லை.
கீல் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"விளம்பரத்தில் என்ன போடுவாய்?"
"ஒழுகாது என்று."
"கீல் பக்கம் தவிர என்றும் போடு."

நோட்டை உதறி, ஈரம் துடைத்து
பையில் வைத்தாள்.
அவள் பிக்கப் திரும்பும்போது
நிஜ மழை பிடித்துக்கொண்டது.
நான் உள்ளே நின்று
விளக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்,
வெகு நேரம்.