சத்தமாக விற்கவேண்டியது

எங்கள் மெடிக்கலில் சிலவற்றைக் கேட்க
ஆட்கள் குரலை இறக்குவார்கள்.
நாப்கின். ஆணுறை. மூலத்துக்குக் களிம்பு.
பேன் மருந்துக்குக்கூட ஒருத்தி
கண்ணாடிமேல் பாதி உடம்பைச் சாய்ப்பாள்.
நானும் உதட்டசைவிலேயே படித்துக்கொண்டு
பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு,
மீதிச் சில்லறையை மேலே வைப்பேன்.
பதினோரு வருடம். பழைய வண்ணாரப்பேட்டையில்
யாருக்கு என்ன என்று என் கைக்குத் தெரியும்,
வாய்க்குத் தெரியாது.

போன மாதம் காது மிஷின் வந்தது.
பாரிமுனையில் ஒரு லாட்ஜின் ஏசி ஹால்,
இரண்டு மணி நேரப் பயிற்சி, இரண்டு சமோசா,
என் பெயரில் ஓர் எழுத்தைத் தின்ற சான்றிதழ்.
பேட்டரி எந்தப் பக்கம், குரும்பியை எப்படித் துடைப்பது,
விசிலடித்தால் எதைத் திருகுவது.
"ரெடியா மேடம்?" என்றார்கள். கையைத் தூக்கினேன்.
எல்லோரும் தூக்கியிருந்தார்கள்.

முதல் நாளே தெரிந்துவிட்டது
ஹாலில் யாரும் சொல்லாதது:
ரகசியமாக வாங்க வருகிறவருக்கு
தெருவே கேட்கும்படி விற்கவேண்டும் இதை.

ஜைத்தூன் பீவி, ஜாக்கெட் பிட் வியாபாரம்.
அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"காது மிஷினாம்மா?"
"ஆங்?"
"காது மிஷினா?"
"ஆங்?"
மூன்றாவது முறைக்கு
எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டர் கொத்துவதை நிறுத்தி
"காதுக்கு வேணுமானு கேக்குறாங்கக்கா!" என்று குரல் கொடுத்தான்.
வரிசையில் மூன்று தலைகள் திரும்பின.
"எனக்கில்ல, வூட்டுக்காரருக்கு" என்றார்.
முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு
தேவையில்லாத இருமல் மிட்டாய் நாலு வாங்கிப்போனார்.

அன்றிரவு முகக்கவசத்தைக் கழற்றினேன்.
கொரோனா போய் எத்தனையோ நாள்; பழக்கத்தில் கிடந்தது.
மறுநாள் பாதிப் பேர் "ஆங்?" கேட்பதை விட்டுவிட்டார்கள்.
நான் அவர்கள் உதட்டைப் படித்ததுபோல
அவர்களும் என் உதட்டைத் தேடியிருக்கிறார்கள்.
பெட்டியைத் திறக்காமலே ஆறு பேருக்குக் காது வந்துடுச்சு
என்று பாரஸ்மல் சேட்டிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை. ஜோடி பதினாலாயிரம்.

பில் தாளின் பின்பக்கம், கொட்டை எழுத்தில்,
வாய் திறக்காமல் நீட்டுவதற்கு எழுதிவைத்தேன்:
சீழ் வருதா. தலை சுத்துதா. ரெண்டு காதுமா. எப்போலேர்ந்து.

கஸ்பார், காசிமேட்டு விசைப்படகு டிரைவர்.
முப்பது வருடம் டீசல் இன்ஜினுக்குத் தலைமாட்டில் தூங்கியவர்.
ஏலக்காசு ரப்பர்பேண்டோடு மேசைமேல் இருந்தது.
தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
"ஒத்தக் காதுதாம்மே. வலது. முந்தாநேத்து
வலை இழுக்கசொல்லோ டப்புனு ஆஃப் ஆயிட்சி.
கரண்டு போன மாரி."

பெட்டி திறந்திருந்தது. அவர் எண்ண ஆரம்பித்திருந்தார்.
கல்லாவிலிருந்து சேட்டு பார்த்துக்கொண்டிருந்தார்.
இதற்கு ஒரு ஸ்லைடு போட்டார்கள்.
சமோசா வந்த நேரம்.

மூடினேன்.
அவருடைய இடப்பக்கம் வந்து, கத்தாமல் சொன்னேன்:
"மிஷின் வேணாம். ஸ்டான்லிக்குப் போங்க.
நாளைக்கு இல்ல. இப்பவே."
"காசு கீதும்மே."
"காசு இருக்கு. நேரந்தான் இல்ல."

ஆட்டோ ஏறினாரா, டாஸ்மாக் பக்கம் திரும்பினாரா,
பார்க்க முடியவில்லை.
மூச்சு இழுக்கிற குழந்தையோடு ஒருத்தி வந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சீட்டோடு வந்தார்.
அங்கே ஸ்டாக் இல்லையாம்.
மாத்திரை அட்டையில் பேனாவால் எழுதினேன்:
ஆறு, அஞ்சு, நாலு,
ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.
"கேக்குதா?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.
தலையைச் சாய்த்தார்.
"கப்பல் ஊதுற மாரி கீது. தூரத்துல."

நானும் நின்று கேட்டுப் பார்த்தேன்.
ஆட்டோ. பரோட்டாக் கல். இன்சுலின் ஃப்ரிட்ஜின் உறுமல்.
ஹார்பர் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்.
உண்மையிலேயே ஒரு கப்பல் ஊதியிருக்கலாம்.