கால் பக்கம்

ஒன்பது சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு உயரம்.
ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், வரி தனி.
ஒரு கண்ணாடி உறைக்கு நான் வெட்டுகிற தோலைவிடச்
சின்னது அந்த இடம்.

ஆம்பூரில் பஸ் ஏறி
வேலூர் காந்தி ரோட்டில்
வங்காள எழுத்துப் பலகை தொங்கும் லாட்ஜின் மாடியில்
டில்லிபாபுவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.
கையில் ஒரு தாள்.
வீட்டில் ஆளுக்கொரு வரி எழுதியது.

ஆசீர்: தரமே எங்கள் தாரக மந்திரம்.
நாத்தனார்: லட்சணமாக ஒரு பெண் சிரிக்க வேண்டும்.
அவள் வீட்டுக்காரர்: ஜிஎஸ்டி எண், மூன்று போன் நம்பர்,
பர்ஸ், பெல்ட், ஆர்டரின் பேரில் செருப்பும்.
பாஸ்டர் அம்மா: ஒரு வசனம்.
சின்னவன்: மஞ்சள் நட்சத்திரம், உள்ளே 'அதிரடி'.

டில்லிபாபு அத்தனையையும் நுழைத்துவிட்டான்.
கெட்டிக்காரன்.
திருவிழா முடிந்து திரும்பும் கடைசி பஸ் மாதிரி இருந்தது.
படிக்கட்டில் தொங்கியது என் பெயர்.

பதினோரு வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள் நான்.
மடிக்குமுன் தோலின் ஓரத்தைச் சீவ வேண்டும்.
சீவாமல் மடித்தால் தடிக்கும்,
ஊசி உடையும்.

சீவுப்பா, என்றேன்.

மந்திரம் போனது.
பெண் போனாள்.
செருப்பு போனது; நான் செருப்பு தைத்ததே இல்லை.
நட்சத்திரம் போனதைச் சின்னவனிடம்
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நாலு பக்கமும் வெள்ளை விடு.

'காசு குடுத்த இடம்க்கா, சும்மா விடுவாங்களா?'

தையலுக்கு விட்ட ஓரத்துல யாராவது பூ வெட்டுவாங்களா?

படத்துக்குப் புது உறைகள் பத்து கொண்டுபோயிருந்தேன்.
லைட் பட்டதும் பத்தும் பிளாஸ்டிக்காய்ப் பளபளத்தன.
அலுத்துப்போய், என் கண்ணாடியைத் துடைக்கலாமென்று
பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.
'இது யாருதுக்கா?'
சாவி கீறிய கோடுகள்.
மூடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும்
காபி நிறத்துக்குக் கறுத்திருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தான்.
எடுத்த கையோடு மவுஸைப் பிடித்து
அந்தக் கறுப்பை அழிக்கப் போனான்.
அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

கடைசியில் நின்றது இவ்வளவு:

இரண்டு வருஷமாக என் பையில், சாவிக்கொத்தோடு.
கையால் தைத்த கண்ணாடி உறை.
ரூ. 480, தபால் செலவு சேர்த்து.
தெபொராள், ஆம்பூர்.
மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் கூப்பிடுங்கள்.

ஒரே நம்பர்.
நான்கு தடவை வாசித்தேன்.
அச்சுக்கு அனுப்புமுன் டில்லிபாபு அதற்கு அடித்துப் பார்த்தான்.
என் பை அலறியது.

இதழ் வந்தது.
எதிர்ப்பக்கம் முழுக்கக் கலரில் மூட்டுவலித் தைலம்,
நரைத்த மீசைக்காரர் ஒருவர் வேலியைத் தாண்டிக் குதிக்கிறார்.
வெள்ளைக்கு நடுவே என் உறை
யாரோ பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது.
'பாதி காசு வெறும் தாளுக்கா?' என்றார் ஆசீர்.
எனக்கும் வயிற்றைக் கலக்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

முதல் அழைப்பு திங்கட்கிழமை, காலை ஏழு மணி:
'தைலம் என்ன விலை?'
அடுத்தது திருப்பத்தூரிலிருந்து. ஏஜென்சி கேட்டார்.
செவ்வாய் முழுக்கப் போன் பேசவில்லை.
புதன் மூன்றரைக்கு, போளூர்:

'படத்தில இருக்கிறதே வேணும்.'
அது என்னுதுங்க. புதுசு அனுப்புறேன்.
'அந்தக் கறுப்பு?'
அது தானா வரும்.
'எத்தனை நாளாகும்?'
ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி எடுப்பீங்க?

அவர் சத்தமாக எண்ணத் தொடங்கினார்:
பேப்பருக்கு ஒண்ணு, மாத்திரைச் சீட்டுக்கு ஒண்ணு,
கரண்ட் பில்லுக்கு, அப்புறம் ராத்திரி
கேஸ் மூடியிருக்கான்னு பார்க்க...

விலாசம் எழுத
நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.